ஆட்டம் முடிந்ததும் மெட்ரோ வாசலில் நம்மை ஏன் நிறுத்தி வைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "பெரிய ஸ்டேடியத்தில் ஆட்டம் முடிந்து மெட்ரோவுக்கு வந்தோம். நிலைய வாசலுக்கு வெளியே தடுப்பு வைத்து இருபது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். ஒருவழியாக உள்ளே இறங்கினால் நடைமேடை பாதி காலி. இடம் இருக்கும்போது எதற்காக வெளியே காக்க வைத்தார்கள்? நிலையத்தின் வடிவமைப்பே தப்பா? அடுத்த முறை சீக்கிரம் வீடு போக என்ன செய்யலாம்?"

தப்பில்லை. நடைமேடை பாதி காலியாக இருந்ததால்தான் உங்கள் ரயில் நேரத்துக்குக் கிளம்பியது. பயணிகள் ஓட்டத்தைக் கணக்குப் போட்டு நிலையங்களுக்குத் திட்டம் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் வரும் எந்த நிலையத்தின் வரைபடத்தை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது, ஆட்டம் முடிந்த பிறகு வரிசை எந்த இடத்தில் நிற்கும் என்பதைத்தான். நடைமேடையின் அகலம், படிக்கட்டின் எண்ணிக்கை எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் அப்படி என்பதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. அறுபதாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் அரங்கம் என்று வையுங்கள். அதில் இருபத்து நான்காயிரம் பேர் மெட்ரோவுக்கு வருகிறார்கள். ஒரு ரயிலில் எண்ணூறு பேர், இரண்டு நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 30 ரயில், 24,000 பேர். எல்லாம் சரியாக நடந்தாலும் கடைசி ஆள் ஏற ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அரங்கமோ இருபது, முப்பது நிமிடத்தில் காலியாகிவிடும். ஆக, எப்படிப்பட்ட நிலையம் கட்டினாலும் பத்தாயிரம் பேருக்கு மேல் எங்கேயாவது நின்று காத்திருந்தே ஆக வேண்டும். அவர்கள் நிற்பது திறந்த வெளியிலா, படிக்கட்டிலா, நடைமேடையிலா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

நடைமேடையில் நிற்க வைத்தால் என்ன என்று கேட்கலாம். 160 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் என்றால் 1,600 சதுர மீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. அதில் படிக்கட்டு, எஸ்கலேட்டர், தூண், இருக்கை, விளிம்பை ஒட்டி விட வேண்டிய இடம் எல்லாம் போக, மனிதர்கள் நிற்கக் கிடைப்பது ஆயிரம் சதுர மீட்டர் இருந்தால் பெரிது. சதுர மீட்டருக்கு இரண்டு பேர் நின்றால் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நகரலாம். நான்கு பேர் என்றால் நகர்வது நத்தை வேகம். ஐந்து, ஆறைத் தாண்டினால் உடம்பு நம் வசத்தில் இருக்காது. பின்னால் யாரோ ஒருவர் சாய்ந்தால் அந்த அழுத்தம் அலையாக முன்னால் வரும். முன்னால் இருப்பது தண்டவாளம்.

இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. நடைமேடை நிரம்பி வழிந்தால் ரயில் தாமதமாகும். எண்ணூறு பேர் ஏறக்கூடிய ரயிலுக்கு எண்ணூறு பேர் நின்றால், அவர்கள் கதவுக்குக் கதவு பரவி ஏறிவிடுவார்கள், கதவு மூடும், ரயில் கிளம்பும். அதே ரயிலுக்கு ஆயிரத்து ஐந்நூறு பேர் நின்றால் ஒவ்வொரு கதவிலும் இன்னும் ஒருவர், இன்னும் ஒருவர் என்று நுழையப் பார்ப்பார்கள். கதவு மூடித் திறக்கும், மறுபடி மூடும். ஒவ்வொரு நிலையத்திலும் முப்பது விநாடி நிற்க வேண்டிய ரயில் எழுபது விநாடி நின்றால், பின்னால் வரும் ரயில் சுரங்கத்துக்குள் காத்திருக்கும். மணிக்கு 30 ரயில் என்பது 22 ஆகிவிடும். அதாவது, சீக்கிரம் போகட்டும் என்று எல்லாரையும் உள்ளே விட்டால் எல்லாரும் தாமதமாகத்தான் போவார்கள். அடுத்த ரயிலில் ஏறக்கூடிய அளவு ஆட்களை மட்டும் கீழே அனுப்புவதே எங்கள் வேலையின் அடிப்படை.

அதை நேரில் பார்த்தால் எவ்வளவு எளிமையாக இருக்கிறது தெரியுமா? படிக்கட்டின் தலைமாட்டில் ஓர் ஊழியர் நிற்பார். ஒரு கையில் வாக்கி-டாக்கி, இன்னொரு கையில் கட்டைவிரலால் அழுத்தி எண்ணும் சின்னக் கருவி. கீழே நடைமேடையில் நிற்பவர் "ரயில் கிளம்பியது" என்று சொன்னதும் மேலே இருப்பவர் பலகையைத் திருப்புவார். கூட்டம் நகரும். டிக் டிக் டிக் என்று விரல் ஓடும். எண்ணிக்கை வந்ததும் ஒரு குடும்பத்தின் நடுவே கையை நீட்ட நேர்ந்தால் நல்ல ஊழியர் நீட்ட மாட்டார். அந்த நான்கு பேரையும் விட்டுவிட்டு அப்புறம்தான் நிறுத்துவார். அப்பா கீழே, பிள்ளை மேலே என்று பிரிந்தால் அப்பா எதிர்த்து ஏறி வருவார். இறங்கும் கூட்டத்துக்கு எதிரே ஒருவர் ஏறினாலும் போதும், அந்தப் படிக்கட்டின் ஓட்டம் பாதியாகிவிடும். நான்கு பேரைக் கூடுதலாக விடுவது எந்தக் கணக்கையும் கெடுக்காது.

இப்போது வரைபடத்துக்கு வருவோம். ஸ்டேடியத்தின் வாசலிலேயே நிலையம் இருந்தால் வசதி என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நான் எப்போதும் தூரத்தைத்தான் கேட்பேன். லண்டன் வெம்ப்லி அரங்கத்தில் 90,000 இருக்கைகள். வெம்ப்லி பார்க் நிலையம் அரங்கத்திலிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் அகலமான நேர் சாலை. ஆட்டம் முடிந்ததும் காத்திருக்கும் இடமே அந்தச் சாலைதான். ஆங்காங்கே நிறுத்தி, விட்டு, மறுபடி நிறுத்தி, கூட்டத்தைத் துண்டு துண்டாக்கி அனுப்புவார்கள். நடந்து வரும்போதே வேகமாக நடப்பவர் முன்னால், மெதுவாக நடப்பவர் பின்னால் என்று கூட்டம் தானாக நீண்டுவிடும். மியூனிக்கின் ஃப்ரோட்மானிங் நிலையமும் அப்படித்தான். 2005இல் அலையன்ஸ் அரீனா கால்பந்து அரங்கம் திறக்கப்படுவதற்காக அந்த நிலையத்தை நான்கு தண்டவாளங்களோடு விரிவாக்கினார்கள். நிலையத்திலிருந்து அரங்கம் வரை நீண்ட திறந்தவெளி நடைபாதை. மழையில் நடக்கும்போது ரசிகர்கள் முணுமுணுப்பார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தூரம் ஒரு பாதுகாப்புக் கருவி.

பக்கத்தில் இருப்பதன் ஆபத்துக்கு ஒரு கொடுமையான உதாரணம் கிளாஸ்கோவில் இருக்கிறது. 1971 ஜனவரி 2ஆம் தேதி ஐப்ராக்ஸ் அரங்கத்தின் 13ஆம் எண் படிக்கட்டில், ஆட்டம் முடிந்து இறங்கிய கூட்டம் ஒன்றன் மேல் ஒன்றாகச் சரிந்து 66 பேர் இறந்தார்கள். அரங்கத்திலிருந்து வெளியேற எத்தனையோ வழிகள் இருக்க, அந்தப் படிக்கட்டுக்கு ஏன் அவ்வளவு கூட்டம்? கோப்லண்ட் ரோடு சுரங்க ரயில் நிலையத்துக்கு மிக அருகில் இருந்த வழி அதுதான். எல்லாரும் ரயிலைப் பிடிக்க அந்தப் பக்கமே போனார்கள். அதே படிக்கட்டில் 1961இலும் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். நிலையம் ஸ்டேடியத்துக்குள் இல்லை என்றாலும், ஸ்டேடியத்துக்குள் யார் எந்தப் பக்கம் நடப்பார்கள் என்பதை நிலையம்தான் தீர்மானிக்கிறது. இன்றும் அரங்கத்தை ஒருவரும் நிலையத்தை இன்னொருவரும் தனித்தனியாக வரைவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

அந்த விபத்துக்கு அப்புறம் பிரிட்டனில் விளையாட்டரங்கப் பாதுகாப்புச் சட்டமும் வழிகாட்டியும் வந்தன. அந்த வழிகாட்டியின் இரண்டு எண்கள் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம்: சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். இதை வைத்து எந்த நிலையத்தையும் உரசிப் பார்க்கலாம். ஆட்டத்துக்கு முந்தைய நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரயில் ஆயிரம் பேரை இறக்குகிறது, அடுத்த ரயில் இரண்டு நிமிடத்தில். அதற்குள் நடைமேடை காலியாக வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 500 பேர் மேலே போக வேண்டும். ஓர் எஸ்கலேட்டர் நிமிடத்துக்கு நூறு பேர் என்று வைத்தால் இரண்டில் 200. மீதி 300 பேருக்கு நாலரை மீட்டர் அகலப் படிக்கட்டு வேண்டும். சரி, ஒரு எஸ்கலேட்டர் பழுதாகிவிட்டால்? அந்த நூறு பேரும் நடைமேடையிலேயே தேங்குவார்கள், அடுத்த ரயில் வந்து அவர்கள் மேலேயே இறக்கும். வரும்போது கூட்டம் இரண்டு, மூன்று மணி நேரமாகப் பரவி வரும், அதனால் பிரச்சினை இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மொத்தக் கணக்கில் அது சரிதான். ஆனால் ஒவ்வொரு ரயிலும் தனித்தனிக் குட்டிக் கூட்டம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

எஸ்கலேட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் அதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். படிக்கட்டில் முன்னால் அடைத்துக்கொண்டால் பின்னால் இருப்பவர் நின்றுவிடலாம். எஸ்கலேட்டர் நிற்காது. மேலே இடம் இருக்கிறதோ இல்லையோ, ஆட்களைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் நாலைந்து அடி தள்ளி டிக்கெட் கேட் வைத்த வரைபடத்தைப் பார்த்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு கேட்டில் நிமிடத்துக்கு 25 பேர் போனாலே நல்லது. ஒருவருடைய அட்டை வேலை செய்யவில்லை என்றால் அவர் பின்னால் எஸ்கலேட்டர் கொண்டுவந்து சேர்க்கும் ஆட்கள் போக இடமில்லாமல் போகும். ஆட்ட நாளில் கீழே இறங்கும் எஸ்கலேட்டரை நிறுத்திவிட்டு, பக்கத்துப் படிக்கட்டில் மட்டும் விடுவதும் இதனால்தான். 2018 அக்டோபர் 23 அன்று ரோமின் ரிபப்ளிகா நிலையத்தில், சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த சிஎஸ்கேஏ மாஸ்கோ கால்பந்து அணியின் ரசிகர்கள் நின்றிருந்த எஸ்கலேட்டர் திடீரென்று கட்டுப்பாடிழந்து கீழ்நோக்கி ஓடியது. 20க்கும் மேற்பட்டவர்கள் அடியில் குவிந்து காயப்பட்டார்கள். ரசிகர்கள் குதித்ததால்தான் என்று முதலில் பேச்சு அடிபட்டது, பிறகு விசாரணை பராமரிப்புக் குறைபாட்டின் பக்கம் திரும்பியது. அந்த நிலையம் பல மாதங்கள் மூடிக் கிடந்தது.

எஸ்கலேட்டரில் ஒரு பக்கம் நடப்பவர்களுக்கு என்று விடும் பழக்கமும் ஆட்ட நாளில் வேண்டாம். லண்டன் ஹோல்போர்ன் நிலையத்தில் 2015இல் இரு பக்கமும் நிற்கச் சொல்லிச் சோதித்தபோது, அந்த நீண்ட எஸ்கலேட்டரில் நெரிசல் நேரத்தில் முன்பைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அதிகம் பேர் மேலே போனார்கள்.

டிக்கெட் கேட்டுக்கு நல்ல உதாரணம் வாஷிங்டனின் நேவி யார்டு நிலையம். 2008இல் பக்கத்தில் பேஸ்பால் அரங்கம் திறப்பதற்கு முன்னால் அதன் ஒரு வாசலை மாற்றிக் கட்டினார்கள். இடைத்தளத்தில் இருந்த கேட்களைத் தெரு மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த விரிவாக்கத்தில் நிலையத்தின் திறன் மணிக்கு 5,000 பேரிலிருந்து 15,000 பேராக உயர்ந்தது. கேட் தெருவில் இருந்தால் வரிசையும் தெருவில் நிற்கும். அதைவிட நல்லது கேட்டே தேவைப்படாமல் செய்வது. 2006 உலகக் கோப்பை கால்பந்தின்போது ஜெர்மனியில் ஆட்டச் சீட்டே அன்றைய உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் சீட்டாக இருந்தது. டிக்கெட் வாங்கும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும் வரிசை அப்படியே மறைந்துவிடும்.

தண்டவாளத்தின் அமைப்பிலும் நிறைய இருக்கிறது. நடுவழி நிலையம் என்றால் வரும் ரயிலிலேயே ஏற்கனவே ஆட்கள் இருப்பார்கள். கடைசி நிலையம் என்றால் காலி ரயில்களை வரிசையாக நிறுத்தி வைக்கலாம். பிலடெல்பியாவில் 1973இல் பாட்டிசன் என்ற பெயரில் திறந்த நிலையம், இப்போது என்ஆர்ஜி, பிராட் தெருவின் அடியில் ஓடும் தடத்தின் தெற்குக் கடைசி. அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் அரங்கங்களும் உள்ளரங்கம் ஒன்றும் அதைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே மேலும் கீழுமாக இரண்டு தளங்களில் தண்டவாளம் போட்டார்கள். கீழ்த்தளம் கூட்டம் மிகுந்த நாட்களின் ரயில்களுக்கு உதவுகிறது. சாதாரண நாளில் சும்மா கிடக்கும் ஒரு தளத்தைக் கட்ட ஒப்புக்கொண்டவர்களை நான் மதிக்கிறேன். ஸ்டேடிய நிலையத்தை வருடத்தின் சராசரி நாளுக்காகக் கட்டவே கூடாது.

கடைசி நிலையத்திலும் ஒரு சிக்கல் உண்டு: வந்த ரயில் திரும்ப வேண்டும். ஓட்டுநர் மறுமுனைக்குப் போக வேண்டும், தடம் மாற வேண்டும். சிட்னி ஒலிம்பிக் பார்க் நிலையத்தில் அதையும் தீர்த்துவிட்டார்கள். 1998இல் திறந்த அந்த நிலையம் ஒரு வளைய தடத்தில் இருக்கிறது. ரயில் ஒரு பக்கம் வந்து, சுற்றி, மறுபக்கம் போய்விடும், திரும்பும் வேலையே இல்லை. அத்துடன் ஒவ்வொரு ரயிலுக்கும் இரண்டு பக்கமும் நடைமேடை. ஒரு பக்கக் கதவில் இறங்கலாம், மறுபக்கக் கதவில் ஏறலாம். ஏறுபவரும் இறங்குபவரும் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதே இல்லை. இடம் அதிகம் பிடிக்கும், செலவும் கூடும். ஆனாலும் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் நடக்கும் வளாகத்துக்கு, ஒரு கூட்டம் கிளம்பும்போது இன்னொன்று வரும் இடத்துக்கு, இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

படிக்கட்டு நடைமேடையின் ஒரு முனையில் மட்டும் இருந்தால் அந்த முனையின் இரண்டு பெட்டிகள் பிதுங்கும், மறுமுனைப் பெட்டிகள் காற்று வாங்கும். நடுவில் ஒரே படிக்கட்டு என்றாலும் இதே கதைதான். வழக்கமாக வேலைக்குப் போகிறவர்களுக்கு எந்தக் கதவு தோதானது என்று தெரியும். ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த நிலையத்துக்குப் புதியவர்கள். கூட்டாளிகளோடு வருகிறவர்கள், நான்கு பேர் ஒரே வரிசையாக நடப்பார்கள், ஒருவர் நின்றால் நால்வரும் நிற்பார்கள். படிக்கட்டின் கடைசிப் படியில் கால் வைத்ததும் நின்று, தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் ரயில் என்று பலகையைத் தேடுவார்கள். அந்த மூன்று விநாடியில் பின்னால் பதினைந்து பேர் முட்டிக்கொள்வார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. எந்தப் பக்கம் என்ற பலகையை மேலே, வரிசையில் சும்மா நிற்கும்போதே கண்ணில் படுகிற மாதிரி வைத்திருக்க வேண்டும். படிக்கட்டின் அடியில் யாரும் எதையும் முடிவு செய்யத் தேவை இருக்கக் கூடாது.

சரி, வெளியே நிறுத்துவதுதான் நல்லது என்றேன். இதற்கு ஒரு பலமான மறுப்பு இருக்கிறது: திடீரென்று மழை வந்தால்? 1999 மே 30 அன்று மின்ஸ்க் நகரில் விளையாட்டு அரண்மனைக்கு அருகே திறந்தவெளி இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஆலங்கட்டி மழை கொட்டியதும் இளைஞர்கள் கூட்டமாக நியமிகா மெட்ரோ நிலையத்தின் சுரங்கப்பாதைக்குள் ஓடினார்கள். ஈரமான படிக்கட்டில் முன்னால் போனவர்கள் விழுந்தார்கள், பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. 53 பேர் இறந்தார்கள். லண்டன் பெத்னல் கிரீன் நிலையத்தில் 1943 மார்ச் 3 அன்று, விமானத் தாக்குதலுக்குப் பயந்து தஞ்சம் தேடி இறங்கிய கூட்டத்தில் 173 பேர் இறந்ததும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஈரம், மங்கிய வெளிச்சம், நடுவில் கைப்பிடி இல்லாத ஒரே படிக்கட்டு.

அந்த இரண்டு இடங்களையும் நினைத்துக்கொண்டுதான் நான் காத்திருக்கும் இடத்தை வரைகிறேன். அதற்குக் கூரை வேண்டும், முழுவதற்கும் முடியாவிட்டால் பாதிக்காவது. வரிசை நேராகப் படிக்கட்டின் வாயைப் பார்த்து நிற்கக் கூடாது, ஒரு வளைவாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னாலிருந்து வரும் தள்ளல் முழுவதும் முதல் படியில் நிற்பவர் முதுகில் விழும். படிக்கட்டு அகலம் என்றால் நடுவிலும் கைப்பிடி வேண்டும். கைப்பிடி எட்டாத இடத்தில் நடப்பவருக்குக் கால் இடறினால் பிடிக்க ஒன்றுமே இல்லை. முன்னால் நடப்பதைப் பின்னால் நிற்பவருக்குச் சொல்ல ஒலிபெருக்கி வேண்டும். "அடுத்த ரயில் இரண்டு நிமிடத்தில், நீங்கள் அதற்கு அடுத்ததில் ஏறுவீர்கள்" என்று ஒரு மனிதக் குரல் சொன்னால் யாரும் தள்ளுவதில்லை. ஒன்றும் தெரியாமல் நிற்கும் கூட்டம்தான் தள்ளும்.

சக்கர நாற்காலியில் வருபவர், தடியூன்றி நடக்கும் பெரியவர், குழந்தை வண்டி தள்ளும் தாய் இவர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டுவார்கள். ஆனால் லிஃப்ட்டுக்குப் போக அதே கூட்டத்தைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் அது இருந்தும் இல்லாத மாதிரி. அரங்கத்தின் வாசலிலிருந்தே தனிப் பாதை பிரிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இன்னொன்று, நிறைய பேர் யோசிக்காதது: நெரிசல் ஸ்டேடிய நிலையத்தோடு முடிவதில்லை. மியூனிக்கில் அரங்கத்துக்குப் போகும் தடத்திலேயே நகரின் நடுவில் மரீன்பிளாட்ஸ் இருக்கிறது, தடம் மாறுகிறவர்களின் நிலையம். 2006 உலகக் கோப்பைக்கு முன்னால் அங்கே நடைமேடைகளை ஒட்டியே பாதசாரிகளுக்கென்று தனிச் சுரங்கங்கள் தோண்டினார்கள். ஸ்டேடியத்தில் நாங்கள் எவ்வளவு ஒழுங்காக ரயிலை நிரப்பி அனுப்பினாலும், பத்து நிலையம் தள்ளி அவர்கள் அத்தனை பேரும் ஒரே படிக்கட்டில் இறங்கினால் என்ன பயன்?

அடுத்த முறை ஆட்டத்துக்குப் போனால், சீக்கிரம் வீடு போக என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பக்கத்து நிலையத்துக்கு நடங்கள். வெம்ப்லியைச் சுற்றி மூன்று நிலையங்கள் இருக்கின்றன, ஆனாலும் முக்கால்வாசிப் பேரின் கால் பழக்கமான ஒன்றை நோக்கித்தான் போகும். பதினைந்து நிமிடம் எதிர்ப்பக்கம் நடந்தால், வரிசையில் நின்ற நேரத்துக்குள் நீங்கள் உட்கார்ந்தே போகலாம். வரிசையில் நீங்கள் விட்டுப்போன அந்த ஓர் இடத்துக்கு, படிக்கட்டின் தலைமாட்டில் நிற்பவர் இன்னொருவரைக் கீழே விடுவார்.